'நானா' என்று ஒரு வார்த்தை

திருவண்ணாமலைக்குப் போகாதவர்கள் நம் வாசகிகளில் வெகு சிலர்தான் இருப்பார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு இல்லாவிட்டால், ஒரு பௌர்ணமிக்காவது போயிருப்பீர்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வந்து, கால் கடுக்கக் கோபுர வாசலில் உட்கார்ந்து, "அப்பாடா!" என்று மலையை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். ஆனால் அதே ஊர்த் தெருக்களில், கையில் ஒரு மஞ்சள் பையுடன் நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு நடக்கும் சில பெரியவர்களைக் கவனித்ததுண்டா? மீசை நரைத்திருக்கும். முழங்கால் மடங்க மறுக்கும். ஆனாலும் நடையில் அந்த 'லெப்ட்-ரைட்' மட்டும் போயிருக்காது. நாலடி பின்னால், வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல், ஓர் அம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து கொண்டிருப்பாள்.

அவர்கள் போவது கோயிலுக்கு அல்ல. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. மஞ்சள் பையில் இருப்பது தேங்காய் பழமும் அல்ல, பழுப்பேறிய காகிதங்கள்.

இந்த வாரம் உங்களை அங்கேதான் அழைத்துப் போகப் போகிறேன். "எங்களுக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இது பட்டாளத்துக் கதை அல்ல. பட்டாளத்துக்காரரின் மனைவியின் கதை.

* * *

போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சித்தி இருக்கிறாள். சித்தப்பா 1980-ல் பீரங்கிப் படையில் சேர்ந்து, இருபத்துநாலு வருஷம் சேவை செய்து, 2004-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமான உத்தியோகம் அல்ல. பழைய வட ஆர்க்காடு ஜில்லாவே பட்டாளத்துக்குப் பேர் போனது. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் வழியில், கணியம்பாடிக்கு அருகே, கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போன ஊர் என்று அதற்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1989-ல் வட ஆர்க்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி ஜில்லாவாக்கினார்கள். அதனால் ஊர்ப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவது நின்றுவிடவில்லை.

சித்தப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. சிறு வயதில் நாங்கள், "பீரங்கி எப்படிச் சுடும், சித்தப்பா?" என்று கேட்டால், "பீர்க்கங்காயா? அது இந்தப் பருவத்தில் ஏது?" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சித்தி மட்டும் சிரிக்க மாட்டாள்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு ராணுவத்தில் கடைசியாக ஒரு வைத்தியப் பரிசோதனை உண்டு. மெடிக்கல் போர்டு என்பார்கள். சித்தப்பாவைப் பரிசோதித்த போர்டு, கேட்கும் சக்திக் குறைவு 20 சதவிகிதம் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே நாலு இங்கிலீஷ் எழுத்தையும் போட்டிருந்தது. என்.ஏ.என்.ஏ. சேர்த்துப் படித்தால் 'நானா'.

'நைதர் அட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்' என்பதன் சுருக்கமாம் அது. தமிழில் சொன்னால், "இந்தக் குறை சேவையால் உண்டானதும் அல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல" என்று அர்த்தம். இத்தனை வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காதை யார் கெடுத்தது என்று கேட்டால், "நானா?" என்று திருப்பிக் கேட்பது போல இல்லையா?

அந்த ஒரு வார்த்தைக்கு விலை உண்டு. சேவைக்காலப் பென்ஷன் சித்தப்பாவுக்கு வந்து கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேல், உடல் குறைவுக்காகத் தனியாக ஒரு தொகை உண்டு. குறைவு 20 சதவிகிதமாவது இருக்க வேண்டும், அது சேவையால் வந்ததாகவோ அதிகமானதாகவோ இருக்க வேண்டும் என்பவை அதற்கான இரண்டு நிபந்தனைகள். முதலாவது சித்தப்பாவுக்கு இருந்தது. இரண்டாவதை 'நானா' விழுங்கிவிட்டது.

நிராகரித்து வந்த கடிதத்தைச் சித்தப்பா மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டார். "மேல் மனுப் போடுங்களேன்" என்று சித்தி சொன்னபோதெல்லாம், "நாட்டுக்காகப் போனேன். காதுக்குக் கூலி கேட்கவா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஊரில் வைராக்கியம் என்று அதைப் புகழ்ந்தார்கள். வீட்டுக் கணக்குச் சித்தியிடம் அல்லவா இருந்தது? ஓய்வுக்குப் பிறகு கிடைத்த காவல் வேலை, டெலிபோன் மணி காதில் விழவில்லை என்று போயிற்று. ஒரு நாள் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் விழுந்து, தலையில் ஏழு தையல். அன்று இரவுதான் சித்தி எனக்குப் போன் செய்தாள்.

"பாப்பா, நீ பத்திரிகையில எழுதறவ. உனக்கு இங்கிலீஷ் தெரியும். ஒருவாட்டி எங்ககூட ஆபீஸ் வரைக்கும் வாயேன்."

* * *

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலேஜில் படித்த எனக்கே அந்தக் காகிதங்கள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாம் இங்கிலீஷ், பாதிக்கு மேல் சுருக்கெழுத்துகள். பதினெட்டு வயதில் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் என்ன செய்வார்? அவருடைய மனைவிதான் என்ன செய்வாள்? இதற்காகவே இருக்கிறது அந்த அலுவலகம்.

டில்லியில் கேந்திரிய சைனிக் போர்டு என்று ஒன்று. சென்னையில் முன்னாள் படைவீரர் நல இயக்குநரகம். அதன் கீழே மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம், அதற்கு ஓர் உதவி இயக்குநர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களே நல அமைப்பாளர்களாகவும் இருப்பார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித் தொகை, மறுவேலைக்குப் பதிவு, விதவைகளுக்கு உதவி என்று அவர்கள் கவனிக்கும் காரியங்கள் அநேகம். கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே குறைதீர்க்கும் கூட்டமும் நடக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஊனப் பென்ஷன் கொடுப்பதோ மறுப்பதோ இந்த அலுவலகத்தின் கையில் இல்லை. முடிவு செய்கிறவர்கள் எங்கேயோ வடக்கே இருக்கிறார்கள். இவர்கள் செய்வது, இங்கே இருக்கிற மனிதரை அங்கே இருக்கிற காகிதத்தோடு சேர்த்து வைப்பது. கல்யாணத் தரகரின் வேலை மாதிரி என்று சொல்லலாம். ஆனால் தரகு மட்டும் கிடையாது. ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை.

எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த அமைப்பாளர் ஒரு பழைய சுபேதார். அவரைப் பார்த்ததும் சித்தப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. "ஜெய்ஹிந்த், சாப்!" என்றார். கூலி கேட்க மாட்டேன் என்ற பிடிவாதக்காரர், நாற்காலி நுனியில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்தார்.

சுபேதார் அவசரப்படவில்லை. பையிலிருந்ததை எல்லாம் மேஜை மேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு சித்தியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கல்யாணத்தின்போது இவருக்குக் காது நன்றாகக் கேட்டதா?"

சித்தி முந்தானையை இழுத்துவிட்டுக் கொண்டாள். "நல்லாக் கேட்டுதுங்க சார். பொண்ணு பார்க்க வந்தப்போ, 'மாப்பிள்ளை ஒல்லியா, கருவலா இருக்காரே'ன்னு சமையல்கட்டுல எங்க அக்காகிட்ட குசுகுசுன்னுதான் சொன்னேன். கூடத்துல உட்கார்ந்திருந்தவரு காதுல அது விழுந்துடுச்சு. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாரு!"

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் என்னவென்று புரியவில்லை. அவர் சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"இந்தச் சாட்சியை மனுவில் எழுத முடியாதம்மா" என்றார் சுபேதார். "ஆனால் இதே சாட்சியை ராணுவமே எழுதி வைத்திருக்கிறது. 1980-ல் சேரும்போது காதைச் சோதித்துத்தானே எடுத்தார்கள்? 'நல்ல காது' என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காகிதம் வேண்டும். எந்த வருஷம் எந்த இடத்தில் பீரங்கியோடு நின்றார், எப்போது முதன்முதலாக ஆஸ்பத்திரியில் காதைக் காட்டினார் என்பதும் வேண்டும். எல்லாம் நாசிக்கில், பீரங்கிப் படையின் பதிவேட்டு அலுவலகத்தில் இருக்கும். இப்போதே எழுதிக் கேட்போம்."

பிறகு சித்தப்பாவின் காதருகே குனிந்து, உரக்கச் சொன்னார்: "ஹவில்தார்! 1999-ல் கார்கிலில் பீரங்கி சுட்டீர்களே, குண்டு சர்க்காருடையதுதானே? சத்தமும் சர்க்காருடையதுதான். இது பிச்சை இல்லை. பாக்கி!"

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷமாகச் சித்தியால் வாங்க முடியாத கையெழுத்து அது.

* * *

சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடு நானும் தேடிப் படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. சித்தப்பா காலத்துக்குரிய 1982-ம் வருஷத்து விதிகளில், நோய் சேவையால் வந்தது என்று சிப்பாய்தான் நிரூபிக்க வேண்டும் என்று இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. போர்முனைச் சேவையில் வந்ததானால் இன்னும் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது.

தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கு இதில் பிரசித்தமானது. 1985-ல் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்தவர் அவர். வலிப்பு நோய் என்று 1994-ல் அனுப்பிவிட்டார்கள். உடம்போடு பிறந்த கோளாறு என்று பென்ஷனும் மறுக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பே இல்லையே, அப்படியானால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், காரணம் எழுதாமல் மறுக்கக் கூடாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பாயிற்று. சித்தி சொன்ன சமையல்கட்டு சாட்சியைத்தான் நீதிபதிகள் சட்ட பாஷையில் சொல்லியிருக்கிறார்கள்!

"அப்படியானால் நமக்கும் கிடைத்துவிடுமா?" என்று கேட்டேன்.

சுபேதார் தலையை அசைத்தார். "அவர் நடுவில் அனுப்பப்பட்டவர். நம் ஹவில்தார் காலம் முடிந்து வந்தவர். அப்படியே பொருந்தும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மேல் மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதுவோம். ஒத்துக்கொள்ளாவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது."

வாக்குக் கொடுக்காத அந்த மனிதர் மேல்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஊரில் வேறு சிலர் உண்டு. "வருகிற பாக்கியில் இத்தனை பங்கு கொடுங்கள், நாளைக்கே முடித்துத் தருகிறேன்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் அசல் காகிதத்தைக் கொடுத்தீர்களோ, தொலைந்தது.

அந்த ராணுவத் தீர்ப்பாயம் 2007-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்டு, 2009 முதல் நடக்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஹைகோர்ட்டுப் படி ஏற வேண்டும். தாமதத்தின் விலை என்ன என்பதற்குத் தர்செம் சிங் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 1983-ல் உடல்நிலை காரணமாக ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர், 1999-ல்தான் கோர்ட்டுக்குப் போனார். பதினாறு வருஷம்! பென்ஷன் மாதா மாதம் வர வேண்டியது, ஆகவே வழக்குக் காலாவதி ஆகவில்லை என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய பாக்கியை, வழக்குப் போட்டதற்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டது. மற்ற வருஷங்கள் போனது போனதுதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதுதானே முக்கியம்? நூறு சதவிகிதக் குறைவுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம் என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூறு சதவிகிதத்துக்கு 12,000. இருபது சதவிகிதத்துக்கு 2,400. ஆனால் 50-க்குக் குறைந்ததை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதன்படி 2,400 ரூபாய் 6,000 ஆகிறது. இந்தச் சலுகை, காலம் முடிந்து வந்தவர்களுக்கும் பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அவர்கள் கணக்கு வேறு.

* * *

இப்போது சகோதரிகளே, உங்களுக்கென்றே ஒரு விஷயம். நாங்கள் புறப்பட எழுந்தபோது சுபேதார் சித்தியைப் பார்த்து, "அம்மா, உங்கள் ஆதார் அட்டையைக் காட்டுங்கள்" என்றார். பென்ஷன் உத்தரவில் இருந்த பெயரையும் அட்டையில் இருந்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வேறு! எழுத்து வேறு, பிறந்த வருஷமும் வேறு.

"இவருடைய காதைவிட இது அவசரம்" என்றார் அவர்.

ஏன் தெரியுமா? கணவர் காலமானால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் வர வேண்டும். காகிதத்தில் உள்ள பெண்ணும் எதிரே நிற்கிற பெண்ணும் ஒருத்திதான் என்று, துக்கம் தீராத வீட்டில், யார் நிரூபிப்பது? தமிழ்ப் பெயர்களின் சங்கடம் வடக்கே இருக்கிற குமாஸ்தாவுக்குத் தெரியாது. கோவிந்தன் மகன் என்றால் இனிஷியல் 'கே' என்று ஒரு காகிதத்தில் இருக்கும், 'ஜி' என்று இன்னொன்றில் இருக்கும். நமக்கு இரண்டும் 'கோ' தான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு மனுஷர்கள்!

'நானா' என்ற அந்த வார்த்தை மனைவியையும் விடுவதில்லை. சாதாரணக் குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம். சேவையால் வந்த குறையே மரணத்துக்குக் காரணம் என்றால் 60 சதவிகிதம். சேவைக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே காகிதத்தில் ஏற்றி வைப்பது, பின்னால் அவளுக்குத்தான் கை கொடுக்கும்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ, பிறந்த வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, மெடிக்கல் போர்டின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். போர்டின் நகல் இல்லையென்றால், 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களானால் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். அவர்களுடைய பதிவேடுகளை ராணுவத்தில் 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள்.

இந்தக் காலத்தில் ராணுவப் பென்ஷனெல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஸ்பர்ஷ் என்றால் தொடுதல் என்று அர்த்தம். நம் பெரியவர்களுக்கோ அதைத் தொடவே பயம்! வருஷத்துக்கு ஒரு தரம், உயிரோடு இருக்கிறேன் என்று அதில் தெரிவிக்காவிட்டால் பென்ஷன் நின்று போகும். பேரன் பேத்திகள் போனில் பாட்டுக் கேட்கிற நேரத்தில் கால் மணியைத் தாத்தாவுக்குக் கொடுத்தால் போதும். அவர்களாலும் முடியாவிட்டால், மாவட்ட அலுவலகத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்.

* * *

சித்தியின் பெயர்த் திருத்தம் நாலு மாதத்தில் வந்துவிட்டது. நாசிக்கிலிருந்து பழைய காகிதங்களும் வந்தன. 1980-ல் இரண்டு காதும் பழுதில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. மேல் மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் அது எப்படி இருக்குமோ! ஆனால் சித்தப்பா இப்போது தானே தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்க்கிறாராம். அதோடு, "அந்த சுபேதார் சாப் சொன்னது சரிதான், பாக்கி என்றால் கேட்டுத்தானே வாங்க வேண்டும்" என்று ஊரில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய் வந்திருக்கிறார். அதில் ஒருவர், கணவரை இழந்த ஓர் அம்மாள்.

1949 முதல் டிசம்பர் 7-ந் தேதியைக் கொடி நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பணம் படைவீரர் குடும்பங்களுக்குத்தான் போகிறது. இந்த வருஷமும் தாராளமாகக் கொடுங்கள். கொடுத்த கையோடு, உங்கள் தெருவில் இருக்கிற பட்டாளத்துக்காரர் வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "பென்ஷன் புத்தகத்தில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, அக்கா?"